ஆப் நம்ம பேரில் இருக்கா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் செயற்குழு சார்பில் நிகழ்த்திய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



கொஞ்ச நாளா எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வருது. "நம்ம மசாலாப் பொடி, அப்பளம், தேன் எல்லாத்தையும் விக்க நமக்குன்னு ஒரு ஆப் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். சில குழுக்களுக்கு விலைப்புள்ளியோடு ஆட்களே வந்துவிட்டார்கள். ஒருத்தர் நாற்பதாயிரம் என்கிறார், இன்னொருத்தர் மூன்று லட்சம் என்கிறார். இரண்டு பேரும் ஒரே ஒரு பக்கம்தான் எழுதித் தருகிறார்கள். அதில் "அனைத்து வசதிகளுடன்" என்று இருக்கும். என்ன வசதி, யார் பேரில் செய்வது, பழுதானால் யார் பார்ப்பது என்று ஒரு வரி இருக்காது.

செலவாகப் போவது வாராவாரம் நாம் சேர்த்த பணம். அந்த ஆப்புக்குள் போகப் போவது நம் உறுப்பினர்களின் பெயர், போன் நம்பர், கணக்கு விவரம். அதனால் நீங்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். ஆப் எழுதுவது எப்படி என்று சொல்லப் போவதில்லை. எழுதுகிறவரிடம் என்ன கேட்கணும், ஓடாமல் நின்றால் எங்கே பார்க்கணும் என்றுதான் சொல்லப் போகிறோம்.

முதல் கேள்வி: நமக்கு ஆப் வேணுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆப் செய்ய ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் நமக்கு நிற்கும் லாபம் 20 ரூபாய். 7,500 பாக்கெட் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். வருடப் பராமரிப்புக்கு 30,000 என்றால், ஒவ்வொரு வருடமும் 1,500 பாக்கெட் அதுக்கே போகும். இப்போது மாதம் 100 பாக்கெட் விற்கிற குழுவுக்கு இது தாங்குமா? நீங்களே உங்கள் பொருளின் லாபத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடைக்குக் கதவு வைத்தால் மட்டும் கூட்டம் வந்துவிடாது. புதுசாக ஒரு ஆப்பை யாரும் தேடி வந்து போனில் ஏற்ற மாட்டார்கள். திரும்பத் திரும்ப வாங்குகிற வாடிக்கையாளர் இருக்கிற வியாபாரத்துக்குத்தான் ஆப் பயன்படும். தினமும் பால், வாராவாரம் காய்கறி என்றால் யோசிக்கலாம். தீபாவளிக்கு மட்டும் முறுக்கு விற்கிறவர்களுக்கு வேண்டியதில்லை.

ஆப்புக்கு முன்னால் செலவில்லாத வழிகள் இருக்கு. வாட்சப் பிசினஸ் இலவசம். அதில் பொருளின் படம், விலை போட்டு ஒரு பட்டியலே வைக்கலாம். சுயஉதவிக் குழுப் பொருட்களுக்காகவே மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் இ-சரஸ் தளம் இருக்கு. குழுக் கணக்கு எழுதத்தான் ஆப் வேண்டும் என்றால், தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் லோக்ஓஎஸ் ஆப் ஏற்கெனவே இருக்கு. அரசாங்கம் தருவதை மறுபடியும் காசு கொடுத்துச் செய்ய வேண்டாம். வாட்சப்பில் ஆர்டர் குவிந்து, எழுதி மாளவில்லை என்ற நிலை வந்தால், அன்றைக்கு ஆப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது கேள்வி: எதுக்கெல்லாம் காசு?

ஆண்ட்ராய்டு போனுக்கான ப்ளே ஸ்டோரில் ஆப் வைக்க, கூகுளுக்கு 25 டாலர் கட்டணும். ஒரே ஒரு தடவைதான். "வருஷா வருஷம் கூகுளுக்குக் கட்டணும்" என்று யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ஐபோனுக்கும் ஆப் வேண்டும் என்றால் ஆப்பிள் நிறுவனத்துக்கு வருடம் 99 டாலர். நம் வாடிக்கையாளர் கையில் என்ன போன் இருக்கு என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். பெரும்பாலும் ஆண்ட்ராய்டோடு ஆரம்பித்தால் போதும்.

வருடாவருடம் வரும் செலவு வேறு. விவரம் சேமிக்கிற சர்வர் வாடகை, இணையப் பெயருக்கான கட்டணம், ஓடிபி மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் சில பைசா, அப்புறம் பராமரிப்பு. இதெல்லாம் விலைப்புள்ளியில் தனித்தனி வரியாக இருக்கணும்.

"விக்கிற பொருளில் கூகுள் கமிஷன் எடுத்துக்குமாமே?" என்று கேட்டார்கள். அப்பளம், சேலை மாதிரி கையில் கொடுக்கிற பொருளுக்கு எடுக்காது. ஆப்புக்குள்ளேயே பார்க்கிற தையல் பாட வீடியோ மாதிரி டிஜிட்டல் பொருளை விற்றால்தான் கூகுளின் கட்டண விதிகள் வரும். பணம் வாங்கித் தருகிற பேமெண்ட் கேட்வே கம்பெனிகள் தங்கள் சேவைக்குக் கட்டணம் வைப்பதுண்டு. எவ்வளவு, பணம் எத்தனை நாளில் நம் கணக்குக்கு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கணக்கு கூட்டமைப்பின் வங்கிக் கணக்காகவே இருக்கணும். செய்து தருகிறவரின் கணக்குக்கு வந்து பிறகு நமக்கு வரும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: யார் பேரில்?

இன்றைக்கு நாங்கள் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வங்கியில் குழுக் கணக்கை யார் பேரில் தொடங்குகிறோம்? குழுவின் பேரில். கையெழுத்து யாருடையது? தீர்மானம் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுடையது. ஊக்குநர் மாறினால் கையெழுத்தும் மாறுது. பாஸ்புக்கை வெளியாள் வீட்டில் வைப்போமா? ஆனால் ஆப் என்று வந்தால், "நானே எல்லாம் பார்த்துக்கிறேன் அக்கா" என்று ஒரு தம்பி சொன்னதும் விட்டுவிடுகிறோம். அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனால்? ப்ளே ஸ்டோர் கணக்கு அவர் பேரில் இருந்தால் ஆப்பும் அவரோடு போய்விடும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஆப்பை மாற்ற வழி உண்டு. ஆனால் பழைய கணக்குக்காரர் ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

அதனால் நான்கு விஷயம் நம் பேரில் இருக்கணும்.

1. இமெயிலும் ப்ளே ஸ்டோர் கணக்கும். கூட்டமைப்புக்கென்று ஒரு இமெயில் தொடங்கி, அதை வைத்தே கணக்கு எடுக்கணும். சரிபார்ப்புக்குக் கொடுக்கும் போன் நம்பரும் கூட்டமைப்பின் நம்பராக இருக்கணும். செய்து தருகிறவருக்குப் பாஸ்வேர்டு தரத் தேவையே இல்லை. கணக்குக்குள் அவரை ஒரு பயனாளராகச் சேர்த்து, வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

2. இணையப் பெயரும் சர்வரும். ரசீது கூட்டமைப்பின் பேரில் வரணும்.

3. முத்திரைச் சாவி. ஒவ்வொரு ஆப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை உண்டு. ஆப்பைப் புதுப்பிக்கும்போது அதே முத்திரை இல்லை என்றால் போன் ஏற்றுக்கொள்ளாது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ப்ளே ஸ்டோரில் புதிதாக வைக்கிற ஆப்புகளுக்கு முக்கியச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்ளுது. செய்கிறவரிடம் இருப்பது ஏற்றி அனுப்புகிற சாவி. அது தொலைந்தாலும் கணக்கு நம் பேரில் இருந்தால் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இதற்கும் அடிப்படை கணக்குதான்.

4. சோர்ஸ் கோடு. ஊறுகாய்க்குப் பக்குவம் மாதிரி ஆப்புக்கு இது. பக்குவம் தெரியாமல் பாட்டிலை மட்டும் வாங்கினால் அடுத்த தடவை நாம் போட முடியாது. "காசு கொடுத்துட்டோமே, நம்முதுதானே?" என்று நினைக்க வேண்டாம். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வெளியாளிடம் செய்யச் சொல்லி வாங்கிய ஆப்பின் உரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுத்துக் கையெழுத்துப் போடாதவரை, பொதுவாக எழுதியவருக்கே. எழுதி வாங்கும்போதும் காலத்தைக் குறிக்கணும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "முழுக் காலத்துக்கும்" என்று எழுதி வாங்குங்கள்.

நான்காவது கேள்வி: "ஆப் ரெடின்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு, ப்ளே ஸ்டோரில் காணோமே?"

ஏமாற்றுகிறார் என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். விதி என்ன என்று தெரிந்துகொள்வோம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பேரில் தொடங்கிய கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் அந்த ஆப்பைச் சோதனையில் வைத்திருக்கணும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நடுவில் விலகியவர்களால் எண்ணிக்கை குறைந்தால் நாள் கணக்கு அடிபடும்.

நிறுவனத்தின் பேரில் கணக்கு எடுத்தால் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்த அமைப்பாக இருக்கணும், டன்ஸ் எண் என்ற 9 இலக்க எண்ணும் வேண்டும். அதை இலவசமாக வாங்கலாம், கைக்கு வர ஒரு மாதம் வரை ஆகலாம். ஆகவே ஆப் வேலை தொடங்குகிற அன்றைக்கே டன்ஸ் எண்ணுக்கும் மனுப் போட்டுவிடுங்கள்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் 12 பேர் சோதனையை விட வேண்டாம். நம் குழுவிலேயே 12 பேர் இருக்கிறோம். பழைய போன் வைத்திருப்பவர், சிக்னல் கிடைக்காத தெருவில் இருப்பவர், கண்ணாடி போட்டு வாசிப்பவர் என்று கலந்து 12 பேரைப் பொறுக்குங்கள். அவர்கள் கையில் ஓடினால் ஊரில் ஓடும்.

ஐந்தாவது கேள்வி: பழுது வந்தால் என்ன செய்வது?

"திறந்தவுடனே மூடிக்குது." முதலில் போனில் இடம் இருக்கா பாருங்கள். பிறகு ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பைப் புதுப்பியுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் செய்தவருக்குச் சொல்லுங்கள். "ஓடல" என்று மட்டும் சொன்னால் அவராலும் கண்டுபிடிக்க முடியாது. போனின் மாடல், ஆண்ட்ராய்டு எத்தனை, எதைத் தொட்டபோது நின்றது, திரையின் படம் ஆகிய நான்கையும் அனுப்புங்கள். போனின் செட்டிங்ஸில் இருக்கும் அபவுட் போன் பகுதியில் மாடலும் ஆண்ட்ராய்டு எண்ணும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. செட்டிங்ஸில் "கேஷ்" அழிப்பது வேறு, "டேட்டா" அழிப்பது வேறு. கேஷ் அழித்தால் குப்பை மட்டும் போகும். டேட்டா அழித்தாலோ, ஆப்பையே எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினாலோ, சர்வருக்கு இன்னும் போகாமல் போனிலேயே நிற்கிற பதிவுகளும் போய்விடும். காலையில் எழுதிய 15 பேரின் சேமிப்பு அதில் இருக்கலாம்.

"சிக்னல் இல்லாதப்ப எழுதினது என்னாச்சுன்னு தெரியல." சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே வைத்துக்கொண்டு, கிடைத்ததும் அனுப்புகிற மாதிரி ஆப் இருக்கணும். அதோடு, ஒவ்வொரு பதிவுக்கும் "அனுப்பியாச்சு", "இன்னும் போகலை" என்று திரையில் தெரியணும். இதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கணும். பிறகு சேர்ப்பது வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் போடுவது மாதிரி.

"ஒரு தடவை கட்டின சந்தா ரெண்டு தடவை ஏறிடுச்சு." சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது நாம் மறுபடியும் பட்டனை அமுக்குவோம். அது மனுஷ இயல்பு. ஆப்தான் பார்த்துக்கொள்ளணும். ஒருமுறை தொட்டதும் பட்டன் அடங்கிவிடணும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் தள்ளிவிடணும். இது இருக்கா என்று கேளுங்கள். சோதனையில் வேண்டுமென்றே நாலு தடவை அமுக்கிப் பாருங்கள்.

"ஓடிபி வரமாட்டேங்குது." கம்பெனி பேரில் மெசேஜ் அனுப்ப, அனுப்புகிறவர் பேரையும் மெசேஜின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதியணும். டிராய் 2018இல் கொண்டுவந்த விதி அது. பதிந்த வாசகத்திலிருந்து ஒரு சொல் மாறினாலும் மெசேஜ் நின்றுபோகலாம். ஒருத்தருக்கு மட்டும் வராவிட்டால் அவர் போனையும் சிக்னலையும் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் நின்றால் வாசகத்தை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள்.

"தமிழ் எழுத்து புரியாம வருது." விலைப்பட்டியலைப் பழைய எழுத்துருவில் டைப் அடித்துக் கொடுத்திருப்பார்கள். யூனிகோடு தமிழில் கொடுத்தால் எந்த போனிலும் தெரியும். தேடும் இடத்தில் அப்பளம் என்று தமிழில் தட்டினாலும், அதையே ஆங்கில எழுத்தில் தட்டினாலும் அப்பளம் வரணும்.

"முன்னாடி ப்ளே ஸ்டோரில் இருந்துச்சு, இப்ப புது போனில் தேடினா காணோம்." புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி ஆப்பைத் திருத்தணும் என்று கூகுள் வருடாவருடம் விதியை உயர்த்துது. திருத்தாமல் விட்ட ஆப், புது போன் வைத்திருக்கும் புது ஆட்களுக்குத் தெரியாமல் போகும். மாவு மில்லுக்குக் கல் கொத்துவது மாதிரிதான் இது. ஆகவே பராமரிப்புக் காசு வீண் காசு என்று நினைக்காதீர்கள். அதில் வருடத்தில் என்னென்ன வேலை அடங்கும் என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.

ஆறாவது கேள்வி: நம் விவரம் பத்திரமா?

ஆர்டர் எடுக்கிற ஆப்புக்கு நம் போனில் உள்ள நம்பர்களும் போட்டோக்களும் எதுக்கு? தேவையில்லாத அனுமதி கேட்கிற ஆப்பைச் செய்ய வேண்டாம், வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கடன் ஆப்புகள் போனில் உள்ள நம்பர்களை எடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டிய கொடுமையை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்புகள் போன் நம்பர் பட்டியலைத் தொடக் கூடாது என்றது. 2023 மே 31 முதல் ப்ளே ஸ்டோரும் அதைத் தடுத்தது.

பிறர் விவரத்தை வாங்கி வைத்தால் நமக்கும் பொறுப்பு உண்டு. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, தேவையானதை மட்டும் வாங்கணும். தேன் வாங்க வருகிறவரிடம் ஆதார் எண் கேட்பது தேவையில்லாத வம்பு.

இன்னொன்று. "ப்ளே ஸ்டோர் வேண்டாம் அக்கா, வாட்சப்பிலேயே ஆப்பை அனுப்பிடலாம்" என்பார்கள். அப்படி அனுப்பினால் நம் உறுப்பினர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். நாளைக்கு வங்கி பேரிலோ, அரசுத் திட்டத்தின் பேரிலோ திருடன் அனுப்பும் ஆப்பையும் அதே மாதிரி ஏற்றிவிடுவார்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930க்கு போன் போடுங்கள்.

ஏழாவது கேள்வி: ஆர்டர் வந்த பிறகு?

இதை யாரும் கேட்கவில்லை, நாங்களே கேட்கிறோம். ஆப்பில் ஆர்டர் வந்தால் யார் பார்ப்பது? ஸ்டாக் தீர்ந்தால் அன்றே ஆப்பில் குறைப்பது யார்? பார்சல் செலவு விலையில் சேருமா, தனியா? ஊறுகாய் பாட்டில் வழியில் உடைந்தால் நஷ்டம் குழுவுக்கா, கூட்டமைப்புக்கா? உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் போட்டோமா? பல குழுக்களின் பொருளைக் கூட்டமைப்பே தன் ஆப்பில் விற்றுப் பணம் வாங்கினால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படலாம். அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆள் பேர் போட்டுப் பதில் எழுதாமல் ஆப்பைத் திறந்தால், இல்லாத பொருளுக்கு ஆர்டர் எடுத்துத் திட்டு வாங்குவோம். ஒருமுறை ஏமாந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

தீர்மானப் புத்தகத்துக்கு

பேசியது மனதில் நிற்காது, எழுதியது நிற்கும். ஆப் செய்ய முடிவெடுக்கும் குழுக்கள் இதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

1. இமெயில், ப்ளே ஸ்டோர் கணக்கு, இணையப் பெயர், சர்வர், பணம் வரும் வங்கிக் கணக்கு எல்லாம் கூட்டமைப்பின் பேரில் இருக்கும்.

2. ஆப்பின் முழு உரிமையும் சோர்ஸ் கோடும் முழுக் காலத்துக்கும் கூட்டமைப்புக்கு என்று எழுத்தில் கையெழுத்து வாங்கப்படும்.

3. பணம் நான்கு தவணையாகத் தரப்படும். தொடங்கும்போது ஒன்று, கண்ணால் பார்த்துச் சோதித்த பின் இரண்டு. கடைசித் தவணை 12 பேர் சோதனை முடிந்து, எல்லாக் கணக்கும் நம் கைக்கு வந்த பிறகு.

4. பாஸ்வேர்டு எழுதிய உறை, காசோலைப் புத்தகம் இருக்கும் பெட்டியில் இருக்கும். பொறுப்பாளர் மாறும்போது பாஸ்வேர்டு மாற்றப்பட்டு, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கப்படும்.

5. வருடம் ஒருமுறை, தணிக்கையின்போது, ஆப்பின் வரவு செலவும் பொதுக்குழுவில் வாசிக்கப்படும். இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டம் என்றால் நிறுத்துவதா என்று முடிவெடுக்கப்படும்.

சகோதரிகளே, வங்கிக்குள் கால் வைக்கத் தயங்கிய நாம்தான் இன்று கடன் மனுவை நாமே நிரப்புகிறோம், வட்டிக் கணக்கை மேலாளரிடமே கேட்கிறோம். ஆப் செய்கிறவரிடமும் அதே மாதிரி கேட்கலாம். விலைப்புள்ளியோடு யாராவது உங்கள் குழுவுக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.